நாற்பது கிலோமீட்டர் மேற்பார்வை

செவ்வாயும் வியாழனும் டாக்டர் நாகபூஷணம் பலமனேரிலுள்ள தம் இன்னொரு கிளினிக்குக்குப் போவார். போகும் முன் சித்தூர் நர்சிங் ஹோமின் மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்து, முப்பது வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்திட்டு, தலைமை நர்ஸ் தாட்சாயணியிடம் கொடுத்துவிடுவார். கையெழுத்துக்கு மேலிருந்த வெற்றிடம் அவளுடைய பொறுப்பு. நோயாளியைப் பார்ப்பதும், இன்ன நோய் என்று முடிவு செய்வதும், மருந்து எழுதுவதும் அவள்தான். பதினொரு ஆண்டுகளில் ஒருமுறையும் அவள் தவறியதில்லை என்று இருவரும் நம்பினார்கள். நம்பியதால் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பேச வேண்டிய கட்டாயம் இரண்டாயிரத்து ஐந்தில் வந்தது. பாலசமுத்திரத்தில் பிறந்து, அமெரிக்கத் தகுதித் தேர்வை பெங்களூரில் எழுதித் தேறிய தாட்சாயணி, அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அதை முடித்த நர்ஸ் தன் பெயரிலேயே உரிமம் பெற்று, தானே நோயறிந்து, தானே மருந்து எழுதலாம். விண்ணப்பத்தோடு மருத்துவரின் கடிதம் ஒன்று வேண்டும். நோயாளிகளைத் தானே பரிசோதித்து முடிவெடுத்த அனுபவம் இவருக்கு எவ்வளவு என்று அதில் விவரிக்க வேண்டும். அங்கே தகுதியாகக் கேட்கப்படுவது இங்கே குற்றம் என்பதைப் படிவம் தயாரித்தவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

திங்கட்கிழமை மாலை டாக்டர் படிவத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத உள்ளபடி எழுதிக் குடுத்தா இன்னா ஆவும் தாட்சாயணம்மா? உங்க ரிஜிஸ்ட்ரேஷனும் போவும், என்னுதும் போவும். ரெண்டு பேரும் திருமலைக்குப் போயி லட்டு கவுண்டர்ல நிக்க வேண்டியதுதான்."

"அங்க வேலை கெடைக்கறது இத விடக் கஷ்டம் சார்."

அவர் சிரித்தார், ஆனாலும் தாமே வேறொரு கடிதம் எழுதித் தந்தார். பணிவானவர், நேரம் தவறாதவர், என் மேற்பார்வையில் செவ்வனே பணியாற்றுபவர். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது, வாரத்தில் இரண்டு நாள் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து செய்யப்பட்ட மேற்பார்வை. இப்படிப்பட்ட கடிதத்தோடு இடம் கிடைக்காது என்று, விண்ணப்பத்தை அனுப்பித்தரும் திருப்பதி ஏஜென்சியில் முன்பே சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.

மறுநாள் காலை வழக்கம்போல முப்பது தாள்களும் வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் டாக்டரின் பெயர், அடியில் கையெழுத்து. தாட்சாயணி ஒன்றை எடுத்து, படிவம் கேட்ட கடிதத்தைத் தானே எழுதத் தொடங்கினாள். மருந்து எழுதும் அதே வேகத்தில் நான்கு வரிகள் ஓடின. அவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்தும் பேனா நின்றது. இது கள்ளக் கடிதமென்றால் நேற்றுவரை எழுதிய சீட்டுகளை என்னவென்று சொல்வது? வெகுநேரம் யோசித்தும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்க அவளால் முடியவில்லை. தாளைக் கிழித்துப் போட்டாள். மற்றவற்றிலும் இனி எழுதுவதில்லை என்று உறையிலிட்டு ஒட்டினாள்.

முதலில் வந்தவள் பச்சையம்மாள். சர்க்கரை நோயாளி, இடது கால் சிவந்து வீங்கியிருந்தது. தாட்சாயணி காலைத் தொட்டுப் பார்த்து, தோலடியில் கிருமித் தொற்று என்று கண்டு, டாக்டரின் செல்போனுக்கு அடித்தாள்.

"சார், கால்ல செலுலைட்டிஸ்னு நெனைக்கறேன். ஜுரம் நூத்தியொண்ணு. அட்மிட் பண்ணி இன்ஜெக்ஷன் ஆரம்பிக்கலாமா?"

"இத எதுக்கு என்ன கேக்கறீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார். நீங்க சொல்லணும்."

"ஆரம்பிங்க," என்றார்.

நேரம், நோய், தன் கருத்து, அவர் சொன்னது என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அவர் கையெழுத்துக்கு இடம் விட்டாள். பச்சையம்மாளுக்கு இது பிடிக்கவில்லை.

"இன்னா சிஸ்டர், போன வாட்டி பாத்த ஒடனே சீட்டு குடுத்தே. இப்ப போனுல பேசிக்கினு கீற."

"டாக்டரக் கேட்டேன்மா."

"அவுரு என் கால பாத்தாரா?"

"இல்ல."

"அப்பறம் அவுருக்கு இன்னா தெரியும்?"

தாட்சாயணி ஊசி மருந்தை எடுத்தாள். நண்பகலுக்குள் வரிசை மாடிப்படி வரை நீண்டது.

ஒன்பதாவதாக வந்தவர் கங்கையா, முழங்கால் வலிக்காக. வழக்கமான வலி மாத்திரையின் பெயரைத் தொலைபேசியில் சொன்னாள்.

"அது வேணாம்," என்றார் டாக்டர். "போன மாசம் அவருக்குக் கிட்னி ரிப்போர்ட் சரியில்ல. என் மேஜைல கீது."

டாக்டரின் மேசைக்குப் போகும் அறிக்கைகள் அவளிடம் வந்ததே இல்லை. அவள் கேட்டதும் இல்லை. மாத்திரையின் பெயரை அடித்துவிட்டு, அடித்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு ஆண்டுகளில் இப்படி எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்? எண்ணிச் சொல்ல எந்த நோட்டும் இல்லை.

மாலையில் திரும்பிய டாக்டர், நோட்டிலிருந்த ஒவ்வொரு பதிவையும் படித்துக் கையெழுத்திட்டார். கங்கையாவின் பக்கத்தில் சிறிது தாமதித்தார்.

"பதினாலு போனு," என்றார்.

"பதினஞ்சு சார். ஒண்ணு நீங்க எடுக்கல."

"இப்பிடியே போனா பலமனேர்ல நான் வைத்தியம் பாத்தாப்பலதான். அந்த ஃபாரத்தக் கொண்டாங்க. நீங்க கேட்டாப்பலயே எழுதறேன். பழையபடி சீட்ட வெச்சிக்குங்க."

அவளுக்கு வேண்டியது அதுதான். படிவம் கைப்பையில் இருந்தது. கை பைவரை போய்த் திரும்பியது.

"இப்ப வேணாம் சார். இந்த நோட்டு நெறையட்டும். ரிப்போர்ட் எல்லாம் என்கிட்டயும் வரட்டும். அப்பறம் நோட்டப் பாத்து எழுதுங்க."

"வெள்ளிக்கெழம கடைசின்னீங்க?"

"அடுத்த வருசமும் ஒரு வெள்ளிக்கெழம வரும் சார்."

வியாழக்கிழமை மாலை, நோட்டில் அன்றைய பதிவுகளை முடித்தபோது, திருப்பதி ஏஜென்சியிலிருந்து பிரியங்கா என்ற பெண் பேசினாள்.

"மேடம், நாளைக்கு லாஸ்ட் டேட். லெட்டர் இன்னும் வரல."

"இந்த வருசம் அனுப்பலம்மா. அனுபவம் பத்தல."

"பதினோரு வருஷம்னு நீங்களே போட்டிருக்கீங்களே மேடம்."

"அது தப்பு," என்றாள் தாட்சாயணி. "ரெண்டு நாள்தான் ஆவுது."