கார்டை நிறுத்தாதே

விமானம் வந்தது. முபாஷிர் வரவில்லை.

மீனம்பாக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த சௌக்கத் அலி, கடைசி டிராலியும் வெளியே வந்து கதவு மூடிய பிறகு தங்கைக்குப் போன் போட்டான்.

"கௌசரு, மாப்ள வர்லம்மா. ஏர்லைன்ஸ்காரன கேட்டா, ஆளு அங்கயே ஏறலன்றான். போனும் ஸ்விட்ச் ஆஃப்ல கீது."

தண்டையார்பேட்டை வீட்டில் கௌசர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், காதோடு ஒட்டியிருந்த போன் சிணுங்கியது. பேங்கிலிருந்து குறுஞ்செய்தி. முபாஷிரின் கார்டில் பதினெட்டு ரிங்கிட் செலவு. இடம், கோலாலம்பூர், பிந்தாங் மினி மார்ட்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே! அவரு அங்கதான் கீறாரு. இப்பதான் எதையோ வாங்கினாரு. ஃபிளைட்டத் தவற வுட்டுட்டாரு போல."

முபாஷிரும் சௌக்கத்தும் சேர்ந்து வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தார்கள். பெண்கள் தலையில் சுற்றும் மலேசியா ஸ்கார்ஃபுக்கு அங்கே ஏக கிராக்கி. அதை வாங்கிவர முபாஷிர் அடிக்கடி பறப்பான். ரோமிங் போட்டால் பில் தீட்டிவிடுவார்கள் என்று நம்மூர் சிம்மைக் கழற்றி மனைவியின் போனில் செருகிவிட்டு, அங்கே போய் ஒரு லோக்கல் சிம் வாங்கிக்கொள்வது அவன் வழக்கம். அதனால் கார்டைத் தேய்ப்பது அவன், செய்தி வருவது கௌசருக்கு. பரோட்டாக் கடையின் பெயர் வந்தால் சாப்பிட்டுவிட்டான், லாட்ஜின் பெயர் வந்தால் கணக்கை முடித்துக் கிளம்பிவிட்டான். பேங்க் அனுப்பும் வரிகளைக் கணவனின் கடிதம் மாதிரி படித்துப் பழகியிருந்தாள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு சண்டை நிச்சயம். பாஸ்போர்ட், ரொக்கம், கார்டு எல்லாவற்றையும் இடுப்பில் கட்டும் ஒரே பையில் அடைத்துக்கொண்டு புறப்படுவான். "பாதிக் காசையாவது பெட்டியில வைங்களேன். பாஸ்போர்ட்டோட ஜெராக்ஸ் ஒண்ணு சட்டையில இருக்கட்டும்" என்று இவள் கெஞ்சுவாள். "பத்து எடத்துல வச்சா பத்து எடத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்கணும் கௌசர். ஆளப் பாத்தாலே திருடனுக்குத் தெரிஞ்சிடும்" என்று பையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பான்.

சௌக்கத் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டாவது செய்தி வந்துவிட்டது. அதைப் படித்ததும் அவன் புருவம் ஏறியது. ஒரு மதுக்கடையின் பெயர்.

"அட்ரா சக்க! நான் வெயில்ல காஞ்சுகினு நிக்கிறேன், மாப்ள அங்க ஜல்சா பண்ணிகினு கீறாரா?"

"ண்ணே." கௌசரின் குரல் தாழ்ந்தது. "பான் பராக் கூடத் தொடாத மனுசன்ணே அவரு."

சௌக்கத்தின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கார்டு வேறு எவன் கையிலோ இருக்கிறது.

"போனைக் குடு." பிடுங்கிக்கொண்டு பேங்க் செயலியைத் திறந்தான். கார்டை முடக்கும் பொத்தான் சிவப்பாக நின்றது. ஒரு விரல் பட்டால் போதும்.

கௌசர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிறுத்தாதே!"

"லூசா நீ? ரம்ஜானுக்குச் சரக்கு எடுத்தது போக மிஞ்சின காசு அது. கடையே அதுலதான் கீது."

"கார்டு எவன் கைல கீதோ, அவனுக்குத்தான் அவரு எங்கன்னு தெரியும். இப்ப நிறுத்தினா அதச் சாக்கடையில வீசிட்டுப் போயினே இருப்பான். அப்புறம் அவ்ளோ பெரிய ஊருல எங்கன்னு போய்த் தேடுவ?"

சௌக்கத் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டவர் கேட்ட முதல் கேள்வி, கார்டை நிறுத்தியாச்சா என்பது. பேங்கின் உதவி எண்ணில் பேசிய பெண்ணும் அதையேதான் கேட்டாள். லாட்ஜ்காரன், நேற்று சாயங்காலமே கணக்கு முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார், எங்களுக்கென்ன தெரியும் என்றான். தூதரகத்துக்குப் போட்ட மெயிலுக்கு, திங்கட்கிழமை பார்க்கிறோம் என்று இயந்திரம் பதில் போட்டது. அன்று வெள்ளிக்கிழமை.

மதியத்துக்கு மேல் ஏடிஎம்மிலிருந்து ஒரு செய்தி. பின் நம்பர் தவறு. சற்று நேரத்தில் இன்னொன்று. மறுபடியும் தவறு.

மூன்றாவது முறை தப்பாகப் போட்டால் கார்டு தானாகவே செத்துவிடும். திருடன் போடவில்லை. விவரமானவன். சின்னத் தொகைக்கு அங்கே நம்பர் கேட்பதில்லை, மெஷினில் கார்டைத் தொட்டால் போதும் என்று தெரிந்து, சிகரெட், ஷூ, ஹெட்போன் என்று தொட்டுத் தொட்டே வாங்க ஆரம்பித்தான்.

"மாப்ள நம்பரச் சொல்லல பாத்தியா" என்றான் சௌக்கத்.

"சொல்லலியா, சொல்ல முடியலியாண்ணே?"



சாயங்காலம் வாசலில் மலர் கூடையை இறக்கினாள். காசிமேட்டிலிருந்து தினமும் மீன் கொண்டுவருகிறவள். அவள் புருஷன் கோதண்டம் படகை விட்டுவிட்டுக் கோலாலம்பூரில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் டீ மாஸ்டராக இருக்கிறான். மலர் கட்டித்தரும் கருவாட்டுப் பொட்டலத்தை ஒவ்வொரு முறையும் அவனிடம் சேர்ப்பது முபாஷிர்தான்.

"இன்னா பாயம்மா, மூஞ்சி பேயறஞ்சாப்ல கீது? பாய் வந்து எறங்கலியா?"

கௌசர் எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் அவள் என்ன கேட்கப்போகிறாள் என்பது மலருக்கு முன்பே தெரிந்துவிட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"எம் புருசனுக்கு பர்மிட் முடிஞ்சு வருசமாவுது. போலீசு கண்ணுல பட்டா உள்ள தள்ளிடுவான். ரோத்தான் பெரம்படின்னு சொல்லிக்கிறாங்க, தோல் உரிஞ்சிடுமாம்."

"பாத்துட்டுச் சொன்னாப் போதும் மலரு. வேற எதுலயும் இழுக்க மாட்டேன். அல்லா மேல ஆணை."

மலர் போன் போட்டுத் தந்தாள்.

கோதண்டம் அன்றே தேடலில் இறங்கினான். கௌசருக்கு வரும் கடைப் பெயர்களை எல்லாம் அவன் மேப்பில் போட்டுப் பார்த்தான். எல்லாமே பழைய மொத்த மார்க்கெட்டை ஒட்டி, நாலு தெருவுக்குள். பிந்தாங் மினி மார்ட் திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு அடுத்தபடியாக ஒரு மருந்துக் கடை.

மருந்துக் கடை! கௌசர் அந்தச் செய்தியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். திருடனுக்குத் தலைவலியாக இருக்கலாம். அல்லது வேறு யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருக்கலாம். அந்த 'வேறு யாருக்கோ'வைப் பிடித்துக்கொண்டு இரவை ஓட்டினாள்.

சனிக்கிழமை காலையில் கணக்கு வற்றிவிட்டது. அடுத்த தடவை தொட்டால் மெஷின் மறுக்கும். மறுத்தால் கார்டு சாக்கடைக்குப் போகும். பிறகு எந்தக் கடையின் பெயரும் வராது.

கௌசர் கையிலிருந்த வளையல்களைக் கழற்றினாள்.

யானைக்கவுனியில் சேட்டின் அடகுக் கடைக்கு வெளியே, நெரிசலில், சௌக்கத் அடிக்குரலில் கத்தினான். "ஊரு உலகத்துல எவளாவது திருடனுக்கு மாசச் சம்பளம் போடுவாளா? எவன்கிட்ட போய் இதச் சொல்லுவேன் நான்?"

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள் கௌசர். சேட்டு தந்த பணத்தை அப்படியே முபாஷிர் கணக்கில் போடப்போனாள். அப்போது மலரிடமிருந்து போன் வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் பதறினாள்.

"மொத்தமாப் போடாத பாயம்மா! தூண்டிமுள்ளுல எறாவ கொத்தாவா குத்துவாங்க? ஒரே வாயில துன்ட்டு ஓடிடுவான். கொஞ்சங்கொஞ்சமாப் போடு. பசி அடங்காம திரும்பித் திரும்பி அதே எடத்துக்கு வருவான்."

ஐந்நூறு ரூபாய் போட்டாள். பிந்தாங் மினி மார்ட். மறுபடியும் ஒரு ஐந்நூறு. பிந்தாங் மினி மார்ட். மலர் சொன்ன மாதிரியே கொத்தினான்.

மதியம் கோதண்டம் முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு அந்தக் கடைக்கு எதிரே போய் நின்றான். இங்கே தண்டையார்பேட்டை வீட்டின் முன்னறையில் சௌக்கத்தின் போன் ஸ்பீக்கரில் கோதண்டத்தோடு இணைந்திருந்தது. கௌசர் தன் போனைக் கையில் ஏந்தியிருந்தாள். மலர் காலிக் கூடையோடு கதவோரம் குந்தியிருந்தாள். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் மெயின் ரோட்டில் உறுமிக்கொண்டிருந்தன.

போன் சிணுங்கியது.

"இப்ப! தம்பி, இப்ப கார்டத் தொட்டிருக்கான்! கல்லாகிட்ட யாரு நிக்கிறா?"

"ஒரு ஒல்லிப் பையங்க்கா. நம்மூரு ஆளு இல்ல. ரொட்டி, தண்ணி பாட்டிலு. இரு இரு... பக்கத்துல மருந்துக் கடைக்குப் போறான்."

அடுத்த சிணுங்கல். மருந்துக் கடை.

"பஞ்சு வாங்கினு வர்றான்க்கா! நான் பின்னாலயே போறேன்."

மூச்சிரைப்பும் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்டன. ஒரு இரும்புக் கேட். படிக்கட்டு. கோதண்டம் கிசுகிசுத்தான். "பழைய கட்டடம். லிஃப்ட் ஓடல. மூணாவது மாடிக்குப் போயிட்டான்." பிறகு ஏதோ உருண்டது, ஒரு கத்தல், தடதடவென்று யாரோ படியிறங்கி ஓடும் ஓசை.

"யோவ்! இன்னாய்யா ஆச்சு?" மலர் எழுந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. என்னப் பாத்ததும் பையப் போட்டுட்டு ஓடிட்டான்." ஒரு கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. "அக்கா... பாய் இங்கதான் கீறாரு."

கௌசர் சௌக்கத்தின் போனுக்கு அருகே குனிந்தாள்.

"அட்டப்பெட்டிய விரிச்சு அதுமேல போட்டு வச்சிகிறான். தலையில துண்டச் சுத்தி, பஞ்சு வச்சு... நெறய ரத்தம் போயிகீதுக்கா. மூச்சு இழுத்துகினு கீது. கூப்ட்டா கண்ணு தொறக்கல."

"ஆம்புலன்ஸு! ஆம்புலன்ஸுக்குப் போடு!" சௌக்கத் அலறினான்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மேல் வீட்டுச் சீனப் பெண்மணி போன் போட்டுவிட்டாள் என்று கோதண்டம் சொன்னான். போலீசும் சேர்ந்துதான் வருமாம்.

"அக்கா, நான் கெளம்பட்டா?"

"கெளம்புய்யா!" மலர் முந்திக்கொண்டாள். "சொன்ன வேலைய முடிச்சிட்டல்ல? எறங்கி ஓடியா!"

கௌசரின் மூளை பளீரென்று எரிந்தது. இடுப்புப் பை போய்விட்டது. அதோடு பாஸ்போர்ட்டும் போய்விட்டது. சட்டையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. போனும் இல்லை. கோதண்டம் போய்விட்டால் முபாஷிரை எந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று சொல்ல ஆளில்லை. எந்தத் தேசத்தவன், என்ன பேர், யாரைக் கூப்பிடுவது என்று சொல்லவும் ஆளில்லை. பேரில்லாத உடம்பாகக் கிடப்பான்.

"தம்பி." சௌக்கத்தின் போனை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். "அவர வுட்டுட்டுப் போவாதீங்க. அவங்க வர்ற வரைக்கும் நில்லுங்க. பேரச் சொல்லுங்க. இந்த நம்பரக் குடுங்க."

"பாயம்மா!" மலர் கையை நீட்டினாள். "இன்னா சொல்லிகினு கீற நீ? ஆணை வச்சியே!"

கௌசர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"உங்க கால்ல வுழறேன் தம்பி. ஒரு அஞ்சு நிமிசம்."

"சரிக்கா" என்றான் கோதண்டம்.

மலர் போனைப் பிடுங்கப் பாய்ந்தாள். சௌக்கத் குறுக்கே வந்து நின்றான். அவள் அவன் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். "வுடுய்யா! எம் புருசன்கிட்ட நான் பேசறேன், வுடு!" அவன் அசையவில்லை.

சைரன் கேட்டது. பூட்ஸ் கால்கள் படியேறி வந்தன. புரியாத பாஷையில் அதட்டல், ஏதோ பெட்டியைத் திறக்கும் ஒலி. "முபாஷிர், சென்னை, இந்தியா" என்று கோதண்டம் திரும்பத் திரும்பச் சொல்வது தெளிவாகக் கேட்டது. கௌசர் அந்தப் பெயரோடு சேர்ந்து உதடுகளை அசைத்தாள்.

பிறகு எல்லாக் குரல்களும் தணிந்தன.

"தம்பி? ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்களா?"

"இல்லக்கா." அவன் குரல் உடைந்திருந்தது. "கழுத்துல கைய வச்சுப் பாத்தாங்க. நெஞ்ச அமுக்கினாங்க. இப்ப... துணிய மூஞ்சி வரைக்கும் இழுத்து மூடிட்டாங்கக்கா."

சௌக்கத் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். கௌசருக்கு அழுகை வரவில்லை. என்ன செய்துவிட்டோம் என்பது அதற்கு முன்னால் வந்து நின்றது.

"ஓடிடுங்க தம்பி!" வீடே அதிரக் கத்தினாள். "ஓடிடுங்க!"

பதில் வரவில்லை. கரகரத்த குரல் ஒன்று கோதண்டத்திடம் நிதானமாக ஒரு கேள்வி கேட்டது. அதில் மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை புரிந்தது. பாஸ்போர்ட். லைன் அறுந்தது.

மலர் கத்தவில்லை. கவிழ்ந்து கிடந்த கூடையை நிமிர்த்தி வைத்தாள். கௌசரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆளே போயிட்டாரு. அப்ப எம் புருசன் இன்னாத்துக்கு பாயம்மா அங்க நின்னுகினு கீறாரு?"