சித்தியின் வலது கால்

1

இந்தக் கதை ஒரு மச்சத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் சித்தி மேடையேறி அறுபது வருடம் ஆகிறது என்று சனிக்கிழமை விழா எடுக்கிறார்கள். விழா மலருக்கு அவள் வாழ்க்கையைப் பத்துப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குக் கதைதான் வரும், வரலாறு வராது. எங்கிருந்தாவது பிடிப்போம் என்று, அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த படப்பாட்டை டிவியில் போட்டேன்.

"சித்தி, உன் மச்சம் இடம் மாறியிருக்கு."

"மச்சம் எங்கடி மாறும்? கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாரு."

துடைத்துப் பார்த்தேன். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

2

(கதையை அங்கேயே பிடித்திருக்கலாம். நான் கௌரவமாகத் தொடங்க ஆசைப்பட்டேன்.)

முதல் தொடக்கம்: 'ஒன்பது வயதில், காய்ச்சலில் படுத்துவிட்ட வேறொரு சிறுமிக்குப் பதிலாக அவளை மேடையில் தள்ளிவிட்டபோது...'

"யாரும் தள்ளல. நானேதான் ஓடினேன்."

இரண்டாம் தொடக்கம்: 'புகழின் வெளிச்சத்துக்குப் பின்னால் எத்தனை கண்ணீர்...'

"யாருடி அழுதா? கால் வலிச்சுது, அவ்வளவுதான்."

ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடகக் குழுவில் பதினோரு வருடம் பாடி ஆடினாள். பிறகு முப்பத்தொரு படம், அதில் இருபத்தெட்டில் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வந்து போனாள். பிறகு மறுபடியும் மேடை.*

(*கல்யாணத்தைக் காணோமே என்பீர்கள். குழுவின் ஆர்மோனியக்காரரைக் கட்டிக்கொண்டாள். "சுருதி பிசகாது, சமையல்தான் பிசகும்" என்பது அவளுடைய வாக்குமூலம்.)

3

மச்சத்துக்கு வருவோம். சித்தி உடனே அந்தப் படத்தின் எடிட்டருக்குப் போன் போட்டாள். வயதானவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆமாம்மா, ஹீரோ பாக்கற பக்கமும் நீ ஓடற பக்கமும் ஒட்டல. உன் பாட்ட மட்டும் பிலிம இடம்வலமாத் திருப்பிப் போட்டுட்டேன். நாப்பத்தஞ்சு வருஷத்துல நீதான் மொதல்ல கேக்கற."

வலது காலை வீசி மூன்று துள்ளுத் துள்ளுவதுதான் சித்தியின் பேர்போன அடி. படத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் அதை இடது காலில் பழகிவிட்டார்கள். அவள் மேடையில் தனியாக ஆடும்போது எந்தக் கால் என்று யார் கவனித்தார்கள்? அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் சிரித்தோம்.

மறுநாள், விழாவில் அதே பாட்டுக்கு ஆட, சித்தியோடு சேர்ந்து முதல் ஒத்திகை. சித்தி நடுவில், பின்னால் நாற்பது இளசுகள். பாட்டு தொடங்கியதும் அவள் வலப்பக்கம் போனாள், அவர்கள் இடப்பக்கம் போனார்கள். ஒரு பெண் அவள்மேல் மோதித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டான்ஸ் மாஸ்டர் பணிவாகச் சொன்னார்: "அம்மா, நீங்க தப்பா ஆடறீங்க."

 சித்தி வீட்டுக்கு வந்து சலங்கையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் அப்படி வாடி நான் பார்த்ததே இல்லை. 

"சனிக்கிழமை நான் என் கால்ல ஆடினா, கிழவிக்கு மறந்துபோச்சும்பாங்கடி."

4

மூன்று முடிவுகள் எழுதிக் கொண்டுபோனேன்.

அ) சித்தி காலை மாற்றிக்கொள்கிறாள். இதைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். "அது என் அடி. நான் ஏன் மாத்தணும்?"

ஆ) நாற்பது பேரும் மாற்றிக்கொள்கிறார்கள். இதையும் அடித்தாள். "பாவம், மூணு வாரமா உயிரைக் குடுத்துப் பழகியிருக்குதுங்க."

இ) சித்தி திரும்பி அந்த நாற்பது பேரைப் பார்த்து நின்று ஆடுகிறாள். எதிரும் புதிருமாக நின்றால் அவள் வலதும் அவர்கள் இடதும் ஒரே பக்கம் போகும். என்ன, சபைக்கு முதுகு தெரியும். அறுபது வருடத்தில் அவள் செய்யாத காரியம் அது.

பேனா அந்தரத்தில் நின்றது.

"பின்னாலேர்ந்து நான் எப்படிடி இருப்பேன்?"

சித்தப்பா செய்தித்தாளை விட்டுத் தலையெடுக்காமல், "ஜோரா இருப்ப" என்றார்.

5

இன்று வியாழக்கிழமை. மலர் அச்சுக்குப் போக வேண்டும்.

"எந்த முடிவப் போடட்டும் சித்தி?"

"எதையும் போடாத. இத்தன வருஷமா யாராவது சொல்லிக் குடுத்த எடத்துலதான் நின்னு ஆடியிருக்கேன். இத ஒண்ண நான் அங்க போய் முடிவு பண்ணிக்கறேன்."

எனக்கு இதற்குமேல் வேலை இல்லை. பத்துப் பக்கம் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

சனிக்கிழமை இதைப் படிக்கும் நீங்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பீர்கள், திரை இன்னும் விலகியிருக்காது. அவள் எந்தக் காலைத் தூக்கப்போகிறாள், எந்தப் பக்கம் பார்த்து நிற்கப்போகிறாள் என்பது எனக்கும் தெரியாது. மச்சத்தின் கதை மட்டும் இப்போது உங்களுக்குத் தெரியும். பக்கத்து இருக்கைக்காரர் 'கிழவிக்கு மறந்துபோச்சு' என்று முணுமுணுத்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். அதற்காகத்தான் எழுதினேன்.

விளக்கு அணைகிறது, மலரை மூடிவிட்டு நீங்களே பாருங்கள்.