கை பட்ட பில்டர்

பள்ளிக்கூட மாடியில் ஒரு நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்த காற்றின் மாசை அளக்கக் காற்று இழுக்கும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, அப்பாவு இடுக்கியால் பில்டரை எடுத்தான். போட்டபோது பால் வெள்ளை, இப்போது கரித்துணி. கறுத்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து உறையில் வைத்தான். தினக்கூலிதான் என்றாலும் இந்த வேலையில் அவனை மிஞ்ச மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசில் ஆள் கிடையாது.

பள்ளிக்குப் பின்சந்தில் பழைய பேட்டரிகளை உருக்கும் உலைகள் நாலு. கீழே இரண்டாம் வகுப்பில் அவன் மகள் பவுனு. இரண்டு மாதமாக வயிற்றுவலி. தின்றது எதுவும் தங்குவதில்லை. ஈயப் புகையாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதை உலைக்காரனிடம் சொல்லப்போனதற்கு, அவன் அத்தாட்சி கொண்டுவா என்று விரட்டியிருந்தான்.

ஆய்வுக்கூடத்தில் இராஜமாணிக்கம் சார் பில்டரில் ஒரு துண்டை வெட்டி, அமிலத்தில் காய்ச்சி, ஈயத்தை அளந்தார். மூன்று தடவையும் முள் எல்லையைத் தாண்டி ஓடியது. பெரிய அதிகாரி, ஊர்க்காற்றில் இவ்வளவு ஈயம் இருக்கவே முடியாது, எவனோ அழுக்குக் கையால் தொட்டிருக்கிறான் என்று முடித்துவிட்டார். இளிச்சவாயன் தலையில்தானே மிளகாய் அரைக்க முடியும்.

"சார், காத்து இழுக்காத காலி பில்டர் ஒண்ணும் கூடவே போய்ட்டு வந்துச்சே. அதையும் இதே இடுக்கியாலதான் எடுத்தேன். அதுல ஈயம் இல்லியே," என்றான் அப்பாவு.

இராஜமாணிக்கம் ஒரு காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார். பில்டரில் என் கை பட்டுவிட்டது, தவறு என்னுடையது என்று அதில் எழுதியிருந்தது.

"எனக்குத் தெரியும் அப்பாவு. கையெழுத்துப் போடலேன்னா நாளைலேர்ந்து வரவேணாம்ங்கறார் அதிகாரி. புள்ளைக்கு மருந்து வாங்கணுமில்ல?"

அப்பாவு பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போட்டான்.

அளவு ரத்தாயிற்று. இயந்திரத்தை உலையே இல்லாத கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பூங்காவுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மறுநாள் காலை அவனும் ஒரு ரிக்ஷாக்காரரும் அதைக் கீழே இறக்கினார்கள். பவுனு வகுப்பு டீச்சரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வடநாட்டு டிசம்பர் குளிரில் வகுப்பறை ஐஸ்பெட்டியாக இருந்தது. இரைச்சலும் ஒழிந்தது, மாடியில் வெயிலும் இருந்தது.

"சலோ பச்சோ, ஊப்பர் தூப் மே பைட்டோ," என்று மேலே வெயிலில் போய் உட்காரச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டினாள்.

விட்டுப்போன வயரைச் சுருட்ட அப்பாவு திரும்ப ஏறினான். பிள்ளைகள் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பவுனு கடைசியாக வந்தாள். இயந்திரம் நின்ற இடத்தில் உட்கார்ந்து, படியேறிய களைப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.