அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

அக்டோபர் புயல் ஓய்ந்த காலையில், கல்லறைத் திடலின் வடக்கு ஓரம் கடலுக்குள் சரிந்துவிட்டதென்று ஆர்டித்துக்குச் செய்தி வந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள், கரண்டியைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அவள் அம்மாவை அந்த ஓரத்தில்தான் புதைத்திருந்தார்கள்.

வடதுருவத்தை ஒட்டிக் கிடக்கும் நூவுராக் தீவுக்கு இதெல்லாம் புதிதில்லை. தாத்தா காலத்தில் அது ஊரே கிடையாது. கடல்நாய் வேட்டைக்கு வந்து கூடாரம் போடுவார்கள், பருவம் மாறினால் அக்கரைக்குப் போய்விடுவார்கள். சர்க்கார் பள்ளிக்கூடத்தைக் கட்டி, பிள்ளைகள் வந்தே தீரவேண்டும் என்று சொன்ன பிறகுதான் சனங்கள் அந்த மணல்திட்டிலேயே தங்கிப்போனார்கள். முன்பெல்லாம் இந்த மாதத்தில் கடல் உறைந்துவிடும். புயல் வந்தாலும் அலை கரையைத் தொடாது. இப்போதெல்லாம் கிறிஸ்துமஸ் வரைக்கும் அலை அடிக்கிறது. மணலுக்கடியில் கல்லாக இறுகிக் கிடந்த உறைமண்ணும் இளகிவிட்டது. ஆர்டித் பிறந்த வீடு நின்ற இடத்தில் இன்று படகு ஓடுகிறது.

அம்மாவின் குழி விளிம்போடு தப்பியிருந்தது. அதன் பக்கத்தில் அண்ணன் ஹார்லன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். அவர் மகள் கெண்ட்ரா மண் அள்ளும் எந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஊரில் அந்த எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவள் அவள்தான்.

"வா மகளே," என்றாள் கெண்ட்ரா. "நேரமாகுது. அலை திரும்ப ஏறுறதுக்குள்ள பெட்டியை எடுக்கணும்."

"இதோ வந்துட்டேம்ப்பா," என்றாள் ஆர்டித்.

அத்தை மருமகளை 'அப்பா' என்பதும், மருமகள் அத்தையை 'மகளே' என்பதும் அந்த ஊரில் யாருக்கும் விசித்திரமில்லை. ஆர்டித்தின் அப்பா கூனூக்கின் பெயரைத்தான் கெண்ட்ராவுக்கு வீட்டுப் பெயராக வைத்திருந்தார்கள். பெயர் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்த ஆள். ஆணா பெண்ணா என்று பெயர் பார்ப்பதில்லை. கெண்ட்ரா பிறந்தபோது ஆர்டித்தின் அம்மாதான் அவளை மடியில் வாங்கிப் பெயரைக் காதில் சொன்னாள்.

கூனூக் போனபோது ஆர்டித்துக்கு விவரம் தெரியாத வயது. வசந்தத்தில் கடல்நாய் வேட்டைக்குப் பனிமேல் போனவர். பனி பிளந்து அவரோடு மிதந்து போய்விட்டது. தேடினார்கள், கிடைக்கவில்லை. "ருஷ்யாக் கரையில ஒதுங்கியிருப்பாரு. வருவாரு," என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஹார்லன் வளர்ந்த பிறகு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆர்டித் போட்டுக்கொண்டாள். நோம் பட்டணத்தில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்தும் போகவில்லை. தீவை விட்டு அக்கரைக்குக் குடிபெயரலாமா என்று ஊர் கூடிப் பேசும்போதெல்லாம், "வர்றவருக்கு வீடு எங்கேன்னு தெரிய வேணாமா?" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, இருப்போம் என்றே கை தூக்குவாள்.

எந்திரம் மேல்மண்ணை வழித்தது. மிச்சத்தை மண்வெட்டியால் தோண்டினார்கள். பலகை தெரிந்தது.

"அண்ணா, அம்மா பெட்டி இவ்வளவு அகலமாவா இருந்துச்சு?"

ஹார்லன் குனிந்து மணலைக் கையால் ஒதுக்கினார். "ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு."

அம்மாவின் பெட்டி ஆலைப் பலகையில் செய்தது. ஒட்டினாற்போலக் கிடந்த இன்னொன்று, கடலில் ஒதுங்கிய கட்டையை அறுத்துச் செய்தது. அதற்குச் சிலுவை இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

"அம்மாவுக்குக் குழி தோண்டுனப்பவே மண்வெட்டி எதுலயோ இடிச்சுச்சு," என்றார் ஹார்லன். "காய்ச்சல் வருஷத்துல செத்த யாரோன்னு நெனச்சுக் கொஞ்சம் தள்ளித் தோண்டினேன். உசுரோட இருந்தப்பவே அவதான இந்த இடம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

தூக்கும்போது பழைய பெட்டியின் மூடி பிளந்தது. மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு கெண்ட்ராதான் முதலில் பார்த்தாள்.

"ஆள் இல்ல," என்றாள். "துணிதான் இருக்கு."

எலும்பு ஒன்றுகூட இல்லை. மடித்து வைத்த ஓர் ஆணின் தோல் அங்கி, காலணி, கையுறை, ஒரு புகைக்குழாய். அங்கியின் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு தையல் ஓடியது, மூன்று கோடும் ஒரு வளைவும். ஆர்டித் தன் மேலங்கியின் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். அதே தையல். அம்மா தன் வீட்டு ஆட்களுக்கு மட்டும் போடுவது.

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தால் சிரிப்பு வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

"இது எப்போண்ணா?"

"எனக்கென்ன தெரியும். நான் அக்கரையில கலைமான் மேய்க்கப் போன வருஷமா இருக்கலாம். ஆள் கிடைக்கலன்னு துணியைப் புதைக்க யாரையோ வெச்சுப் பெட்டி செஞ்சிருக்கா."

"புதைச்சிட்டு வந்து, எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, அப்பா வருவாருன்னு சொன்னாளா?"

"நீ சின்னப் பிள்ள. உனக்காகச் சொல்லியிருப்பா."

"நான் பெரியவளான பிறகும் சொன்னாளேண்ணா. எனக்கு நரை விழுந்த பிறகும் சொன்னாளே."

கெண்ட்ரா எந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? போனவங்க பேரைத்தான புதுசாப் பொறந்தவங்களுக்கு வைப்பாங்க. எனக்கு அந்தப் பேரை வெச்சப்பவே பாட்டிக்குத் தெரிஞ்சுதான இருக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்லயா?"

"தோணுச்சு. கேட்டேன். 'பேரு முன்னாடி வந்துருச்சு, ஆளு பின்னாடி வருவாரு'ன்னா. நானும் சரின்னுட்டேன்," என்றாள் ஆர்டித்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அர்த்தமில்லாத பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. அம்மா பொய் சொன்னாளா, இல்லை தானே நம்பினாளா, இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்திருந்தாள்? யோசிக்க யோசிக்க நூல் சிக்கலாகிக்கொண்டே போனது. யார்மேல் கோபப்படுவதென்றும் தெரியவில்லை. செத்தவள்மேல் கோபப்பட்டு ஆகப்போவது என்ன?

"துணிக்கு எதுக்குக் குழி? கடலுக்கே விட்டுடலாம்," என்றார் ஹார்லன்.

ஆர்டித் கெண்ட்ராவைப் பார்த்தாள். "அப்பா, உங்க சாமான். நீங்களே சொல்லுங்க."

கெண்ட்ரா அங்கியின் மடிப்பைச் சரிசெய்து வைத்தாள். வழக்கமாக இப்படிக் கேட்டால் ஏதாவது கேலி சொல்வாள். "அவகூடவே வெச்சிருங்க," என்றாள் கடைசியில். "அவ்வளவு நாள் பக்கத்துல கிடந்திருக்கேன். இப்போ பிரிச்சா நல்லா இருக்காது."

விமானத் தளத்துக்குப் பக்கத்தில், தீவிலேயே மேடான இடத்தில், இரண்டு பெட்டிகளையும் ஒரே குழியில் இறக்கினார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்லலாமா என்று அவருக்கே குழப்பம். ஆர்டித்திடம் கண்ணால் கேட்டார். அவளும் தோளைக் குலுக்கினாள். அவர் சொல்லிவிட்டார். சிலுவையில் ஹார்லன் இரண்டு பெயரையும் எழுதினார். அப்பா பெயருக்குக் கீழே வருஷம் போடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஊர் மறுபடியும் வாக்குப் போட்டது. இந்தமுறை கை தூக்குவதில்லை, சீட்டு. திரைக்குப் பின்னால் ஆர்டித் பேனாவோடு நின்றாள். காத்திருக்க இனி யாரும் இல்லை, அதனால் போகலாம். ஆனால் இருவரையும் இப்போதுதானே இங்கே இறக்கி வைத்தோம், அதனால் இருக்கலாம். இரண்டு நியாயமும் சரியாகவே பட்டன. வெளியே, "என்ன, தூங்கிட்டியா?" என்று யாரோ கேட்டார்கள். போகலாம் என்பதில் குறி போட்டாள். வீடு போய்ச் சேருமுன்பே, தப்பாகப் போட்டோமோ என்று தோன்றிவிட்டது.

போகலாம் என்பதே ஜெயித்தது. ஆர்டித் அந்த வாரமே அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கிக் கட்டினாள். அக்கரையில் ரோடு போடவேண்டும், தண்ணீர் கொண்டுவரவேண்டும், அதற்கெல்லாம் அனுமதி வரவேண்டும் என்றார்கள். ஒரு குளிர்காலம் போனது, இன்னொன்றும் போனது. கஞ்சிச் சட்டி வேண்டுமென்று ஒரு பெட்டியைப் பிரித்தாள், வடிகட்டிக்காக இன்னொன்றை. இப்போது பாதி அலமாரியிலும் பாதி அட்டைப் பெட்டியிலுமாகக் கிடக்கின்றன. எது எதில் இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. மூடி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கெண்ட்ரா வாசலில் நின்று கேட்டாள்:

"போறியா, இருக்கியா மகளே?"

"தெரியலப்பா," என்றாள் ஆர்டித். "உள்ள வாங்க, டீ போடறேன். கப்பு எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க."