அரை மணிக்கு ஒரு விசில்

காலை ஏழு மணிக்கு மூன்றாம் மாடியில் விசில் சத்தம். அடுத்தது ஏழரைக்கு. பேருந்து நிலையத்தில் வண்டிகளை நேரம் பார்த்துக் கிளப்பிவிடுகிற டைம்கீப்பர், பெற்ற மகளைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தாள், குளியலறைக்கு. உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த புருஷன்காரன் கன்னத்தில் நுரையோடு வெளியே வந்து வழிவிட்டான்.

மகளுக்கு டயபரை விடப் பழக்க அவள் எடுத்தது பத்து நாள் லீவு. இது ஏழாம் நாள். டயபரோடு வருகிற பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்று குழந்தைகள் காப்பகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். காப்பகம் இல்லையென்றால் வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

முதல் மூன்று நாள் சோபா, மெத்தை, கீழ்வீட்டு நாத்தனாரின் மடி என்று நனையாமல் ஒன்று பாக்கியில்லை. நாத்தனார் புடவையை உதறிக்கொண்டே கேட்டாள்:

"ஏன் அண்ணி, உங்க பஸ்ஸெல்லாம் நேரத்துக்குப் போகுதா?"

"போகுது."

"அப்ப இது மட்டும் ஏன் வழியிலேயே நின்னுடுது?"

சுருக்கென்றது. மறுநாளே விசில் வந்துவிட்டது. ஊதினால் போதும், உருண்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த இரண்டரை வயசு, பொம்மையைப் போட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்து காரியத்தை முடித்துவிடும். மூன்று நாளாக ஒரு ஜட்டிகூட நனையவில்லை. அவளும் மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பெருமையடித்தாள்.

ஏழாம் நாளான அன்று பத்து மணிக்குக் காப்பகத்தில் சோதனை. இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருந்து காட்ட வேண்டும். பத்தரைக்கு அவள் பையிலிருந்து விசிலை எடுத்ததும் டீச்சர் கையைப் பிடித்துவிட்டார். "பக்கத்து ரூம்ல குழந்தைங்க தூங்குதும்மா. நீங்க வெளியில உக்காருங்க."

கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பதினொன்றுக்கு உருண்டை காலைப் பின்னிக்கொண்டது. பதினொன்றேகாலுக்கு ஒரே இடத்தில் நின்று நெளிந்தது. டீச்சர் குனிந்து, "பாத்ரூம் போலாமா கண்ணு?" என்றார்.

"விசில் வரல."

சொல்லி வாய் மூடவில்லை, பாயில் குளம் கட்டிவிட்டது.

டீச்சர் நல்ல மாதிரி, திட்டவில்லை. "வர்றது அவளுக்குத் தெரியுதும்மா. சொல்லணும்னுதான் தெரியல. நீங்க சொல்லவே விடலையே. இன்னும் மூணு நாள் பாருங்க. அதுக்கப்புறம் எடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துடுவோம்."

தானே சொல்லிக்கொடுத்த பாடம் என்பதால் மகளை ஒரு வார்த்தை திட்டவும் வழியில்லை. வீடு வந்ததும் விசிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் விடிந்து பத்து மணிக்குள் நான்கு தடவை தரையைத் துடைத்தாயிற்று. ஐந்தாவது தடவை உருண்டை எதிரில் வந்து நின்று, அவள் வாயையே பார்த்தது.

"அம்மா, ஊது."

"ஊத மாட்டேன். நீயே சொல்லுடி. வருதா, வரலையா?"

உருண்டை தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. அவசரமே இல்லாமல் யோசித்தது. அவளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது.

"வந்துடுச்சு," என்றது உருண்டை.

தரையில் வந்தே விட்டிருந்தது. ஆனாலும் அது வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காகக் கொஞ்சுவதா, முதுகில் ஒன்று வைப்பதா என்று தெரியாமல் அவள் தரை துடைக்கிற துணியை எடுத்தாள்.

"இத வர்றதுக்கு முன்னாடி சொல்லணும்டி," என்றாள்.