ஆளில்லாத சட்டை

நாடகக் குழுவில் அவளுக்குக் ‘கிளிசரின்’ என்று பெயர். அதைக் கண்ணில் தடவினால் ஒழிய அவளுக்கு அழுகை வராது. தோழி, பக்கத்து வீட்டுக்காரி என்று வருடக்கணக்கில் ஒப்பேற்றியவளுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வேஷம் கிடைத்ததே, நடிக்க வேண்டியவள் காலை உடைத்துக்கொண்டதால்தான்.

ஒத்திகையில் மாரில் அடித்துக்கொண்டு கதறினாள். விளக்குப் போடுகிறவர் கொட்டாவி விட்டார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அழறது தெரியுது. வலிதான் தெரியல” என்றார். அவர் வேறு ஆள் தேடுகிறார் என்ற பேச்சும் காதில் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தங்கையின் நினைவு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கையின் கைக்குழந்தை காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. வீட்டார் வெளியே அழுதுகொண்டிருக்க, தங்கை கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் சட்டையை மடியில் விரித்து, ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். மாட்டியதும் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. அவள் தோளை அணைத்தபடி பக்கத்தில் இருந்தது அக்காவான இவள்தான்.

அடுத்த ஒத்திகையில் அவள் கதறவில்லை. வெறும் சட்டையை மடியில் போட்டுப் பொத்தான் மாட்டினாள். ஒருவரும் அசையவில்லை. இயக்குநர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தங்கை பார்க்க வேண்டும் என்றபோது இவள் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். தங்கை தானே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று மட்டும் அதைச் செய்யக் கூடாது என்று முடிவு செய்துதான் இவள் மேடை ஏறினாள். ஆனால் அந்த இடம் வந்து அரங்கம் மூச்சடக்கிக் காத்திருந்தபோது, கை தானாகச் சட்டையை எடுத்தது.

நாடகம் முடிந்ததும் தங்கை ஒப்பனை அறைக்கு வந்தாள். உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றாள்.

“அன்னைக்கு என் பக்கத்துல இருந்தியேக்கா. எனக்குத் துணைக்கு இருக்கேன்னு நினைச்சேன். நீ பார்த்துக்கிட்டு இருந்திருக்கே.”

அப்படியெல்லாம் இல்லை, உன்னோடு சேர்ந்து நானும்தான் துடித்தேன் என்றாள் இவள். உண்மைதான். ஆனால் இவள் காதிலேயே அது வசனமாக விழுந்தது.

“இதையும் நல்லாத்தான் சொல்றே” என்றுவிட்டுத் தங்கை போய்விட்டாள்.

அதன்பின் போனை எடுக்கவில்லை. வீடு தேடிப் போனால், தங்கையின் கணவர் வாசலிலேயே நின்று அவள் தூங்குவதாகச் சொன்னார். மனசு கேட்காமல் இவள் ஒரு நாள் மேடையில் பொத்தானை விட்டுவிட்டுப் பழையபடி கதறினாள். அரங்கில் இருமல் சத்தம் கேட்டது. மறுநாள் சட்டையை எடுத்தாள். எல்லோரும் அழுதார்கள். இவளோ, கொடியில் காயப்போட்ட துணியை எடுத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறு வருடம் அம்மா போன் செய்தாள். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இருவரும் நலம் என்றாள். எந்த ஆஸ்பத்திரி, இப்போதே புறப்படுகிறேன் என்றாள் இவள்.

“நீ வர வேணாமாம். குழந்தையை நீ பார்க்கக் கூடாதுங்கறா.”

அதற்கு மேல் முடியாமல் அம்மா அழ ஆரம்பித்தாள். ஒரு விம்மல், ஓர் இடைவெளி, பிறகு விக்கலைப் போல் மூச்சு உள்ளே இழுபடும் சத்தம். தான் அந்த இடைவெளியை உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருப்பது இவளுக்குத் தெரிந்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை.