மூக்கைத் தூக்கிய வண்டி

பெருமக்களின் மேலான கவனத்திற்கு: பீரோக்காரியின் சரக்கு வண்டி காலமாகிவிட்டது. இந்தத் துயரச் செய்தியை அவளுடைய அண்ணன், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து, அவள் போட்ட தேநீரைக் குடித்து முடித்தபின் வெளியிட்டார். வண்டி அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. அதற்கு விஷயம் தெரியாது.

அண்ணனைச் சொந்தக்காரர்கள் சேர்மன் என்பார்கள். எந்தச் சபைக்கும் அவர் தலைவராக இருந்ததில்லை. ஒரு முறை குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நின்று தோற்றார். தோற்றவர் அவராக இருந்தாலும், ஜெயித்தவரின் பேச்சு அவரிடமே தங்கிவிட்டது. பாத்திரக் கடை வைத்திருக்கிறார். தங்கையோ, வீடு மாறுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் ஏற்றி இறக்கிப் பிழைப்பவள். வண்டிக்கு வயது அவளைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

"நாளைக்குத் தகுதிச் சோதனை. இது பாஸ் ஆகாது," என்றார் சேர்மன். "முன் சக்கரம் ரெண்டும் சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாக்குது. இரும்புக் கடைக்குத் தள்ளிட்டு என் கடைக் கல்லாவுல வந்து உக்காரு. ஃபேனுக்கு நேர் கீழ இடம். ஒரு பொம்பளைக்கு வேற என்ன வேணும்?"

அந்த ஃபேனை அவளுக்குத் தெரியும். காற்று விட்டு விட்டு வரும். அண்ணனின் பேச்சு விடாமல் வரும்.

"ஃபெயில் ஆச்சுன்னா வர்றேன்," என்றாள். "பாஸ் ஆச்சுன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது."

உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து தரையில் வைத்தாள். இரண்டு கண்ட்ரோல் ஆர்ம்கள், மேல் பக்கத்துக்கு. சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு பிடித்துக்கொண்டு, பள்ளம் மேட்டில் அது ஏறி இறங்க இடம் கொடுக்கிற இரும்புக் கைகள். சட்டத்துப் பக்கம் புஷ் என்கிற ரப்பர் வளையம், சக்கரத்துப் பக்கம் பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு. பழைய கைகளில் ரப்பர் பொடியாக உதிர்ந்திருந்தது. வண்டியைச் செய்த கம்பெனி அந்தப் பாகத்தைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. இவை வேறு யாரோ செய்தவை.

சேர்மன் ஒன்றை எடுத்து, முற்றிய கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் புரட்டினார்.

"ஒரிஜினல் இல்லியே."

"வேற கம்பெனி."

"பெத்தவன் ஒருத்தன், கையை ஒட்ட வைக்கிறவன் இன்னொருத்தனா?"

"பெத்தவன் கைவிட்டுட்டான் அண்ணே. நகருங்க."

கணவர் விளக்குப் பிடிக்க வந்தார். அவர் தையல்காரர். "கை வெட்டித் தைக்கிற வேலைதானே, எனக்கும் ஓரளவு தெரியும்," என்று வண்டிக்கடியில் தலையை நீட்டினார்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினாள். ஸ்பிரிங் துள்ளி முகத்தில் அறையாமல் இருக்க, அதைத் தாங்குகிற கீழ்க் கைக்கு ஜாக்கியை முட்டுக் கொடுத்தாள். பழைய பால் ஜாயின்ட் வர மறுத்தது. பக்கவாட்டில் சுத்தியலால் நாலு போடு போட்டதும் மனம் மாறியது. புதுக் கை துளைகளில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அப்புறம் ஜாக்கியை எடுத்துவிட்டு, புஷ் போல்ட்டுகளை முறுக்கினாள். 'கல்லாவுல உக்காரு' என்பதற்கு ஒரு முறுக்கு. 'ஃபேனுக்கு நேர் கீழ' என்பதற்கு ஒன்று. 'ஒரு பொம்பளைக்கு' என்று நினைத்தபோது ஸ்பானரே முனகியது. மறுபக்கமும் அதே மரியாதை.

சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினாள். பின்பக்கம் எப்போதும்போல் இருந்தது. முன்பக்கம் மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"எங்க கிளம்பிருச்சு, வானத்துக்கா?" என்றார் சேர்மன். நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

"யாரையும் மதிக்காத மாதிரி நிக்குது," என்றார் கணவர். "யாருகிட்ட கத்துக்கிச்சோ."

அவள் மறுபடி கீழே படுத்து விளக்கை வாங்கிப் பார்த்தாள். புது ரப்பர் பிழிந்த துணிபோல் முறுக்கிக் கிடந்தது.  கீழிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"தப்பு என்னோடதுதான். சக்கரம் தொங்கும்போது முறுக்கிட்டேன். ரப்பர் அந்த நிலையிலயே பிடிச்சுக்கிச்சு. இப்ப பாரம் இறங்கினதும் திரும்ப முடியாம மல்லுக்கட்டுது. இப்படியே விட்டா கிழிஞ்சிரும். தரையில நிக்கும்போது முறுக்கணும்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் சேர்மன்.

"என்ன சொன்னீங்க?"

"பொதுவா சொன்னேன்."

சக்கரங்களுக்குக் கீழே கனமான பலகைகள் வைத்து, முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள். போல்ட்டுகளைத் தளர்த்தியதும் வண்டி க்ரீச்சென்று ஒரு பெருமூச்சு விட்டுத் தணிந்தது.

"ஓட்டுறவங்க எடையோட முறுக்கினா இன்னும் நல்லது. யாராவது ஏறி உக்காருங்க."

"நான் ஏறினா வண்டிக்கே தெரியாது," என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தார். அவளும் கீழிருந்து பார்த்தாள்.

"நானா?"

"மேல ஒரு பெரிய மனுஷன் இருந்து கவனிச்சா நல்லதுதானே மச்சான்," என்று கதவைத் திறந்துவிட்டார் தையல்காரர்.

அந்த வாக்கியத்தை மறுக்கச் சேர்மனுக்குத் தெரியாது. ஏறி உட்கார்ந்தார். வண்டி மரியாதையாக இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ம், முறுக்கு. போதும். இல்ல, இன்னும் கொஞ்சம்," என்று கண்ணாடி வழியாகத் தெருவுக்கு உத்தரவு போட்டார்.

"நல்லா நிமிர்ந்து உக்காருங்க மச்சான்."

"எதுக்கு மாப்ள?"

"கம்பீரமா இருக்கும்."

கீழே அவள் அளவாக முறுக்கினாள். இந்த முறை யாரையும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை, அலைன்மென்ட் கடையில் முன் சக்கரங்களுக்குச் சமரசம் செய்துவைத்துவிட்டுச் சோதனைக்குப் போனாள். ஆய்வாளர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். எதுவும் அசையவில்லை.

"எந்த மெக்கானிக் போட்டது?"

"நான்."

"இல்லம்மா, வேலை செஞ்சது யாருன்னு கேக்குறேன்."

"அதைத்தான் சொல்றேன். வேணும்னா கழட்டி மாட்டிக் காட்டட்டுமா? ஸ்பானரெல்லாம் வண்டியிலதான் இருக்கு."

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் சக்கரத்தை இன்னொரு தடவை ஆட்டினார். முத்திரை விழுந்தது. பீரோக்காரி அங்கிருந்து நேராக ஒரு கட்டிலை ஏற்றப் போனாள்.

கல்லாப் பேச்சைச் சேர்மன் அப்புறம் எடுக்கவில்லை. அவருக்கு வேறு பேச்சு கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து, ஒவ்வொரு சொந்தக்காரராகப் போனில் கூப்பிட்டு, "நான் மட்டும் நேத்து உள்ள இறங்கலைன்னா அந்த வண்டி அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த தையல்காரருக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்க," என்றாள் பீரோக்காரி. "அவர் பங்கும் இருக்குல்ல."

அந்தப் பங்கு தொண்ணூற்று நான்கு கிலோ.